வேறு ஊர்ச் சம்பளத்தை எடைபோடுவது எப்படி?

வேறு ஊரிலிருந்து ஒரு வேலை வந்திருக்கிறது. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது இப்போதையதைவிட 40 சதவீதம் அதிகம். இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடினால், ‘அங்கே வாழ்க்கைச் செலவு 60 சதவீதம் அதிகம்’ என்று வருகிறது. 60 பெரியது, 40 சிறியது என்று சிலர் அந்த வேலையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் 60 என்ற எண்ணைத் தேடாமலேயே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். இருவருமே ஏமாற வாய்ப்புண்டு. ஏனென்றால் இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஏன் கூடாது என்பது புரிந்துவிட்டால் கணக்கில் பாதி முடிந்த மாதிரி.

ஒரு சம்பளம் எவ்வளவு பெறும் என்று சொல்ல இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும்? அப்படி நிற்பதை எந்த ஊரில் செலவழிக்கப் போகிறீர்கள்? இரண்டாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் முடிவையே தலைகீழாக்கக் கூடியது அதுதான்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இப்போதைய ஊர், வலப்பக்கம் புது ஊர். கீழே வரும் உதாரணங்களில் எந்த நாட்டுப் பணமும் இல்லை. இப்போது மாதம் கைக்கு வரும் தொகையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்த அளவிலேயே சொல்லியிருக்கிறோம். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கைக்கு வருவது எவ்வளவு?

ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். மாதா மாதம் வங்கிக் கணக்கில் விழும் தொகையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஆண்டுத் தொகையை 12 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஏன் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால், எல்லா நாட்டிலும் ஆண்டுக்கு 12 சம்பளம் கிடையாது. ஆஸ்திரியாவில் 14 தவணையாகத் தருவது வழக்கம். பிலிப்பைன்ஸில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டமே. மாதத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அங்கெல்லாம் கணக்கு பிசகும்.

நிறுவனத்தின் லாபத்தையோ உங்கள் மதிப்பீட்டையோ பொறுத்து மாறும் தொகையை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடந்த ஆண்டுகளில் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று கேட்டு, அதைத் தனி வரியாகக் குறித்துவையுங்கள். சேரும்போது ஒரே தடவை தரும் ஊக்கத்தொகையும் மாத வருமானம் ஆகாது. அது இடமாற்றச் செலவுக்கு எதிரே வைக்க வேண்டிய தொகை. ஓராண்டுக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து வரி. வரி ஊருக்கு ஊர் மாறும், ஒரே நாட்டுக்குள்ளும் மாறும். அமெரிக்காவில் டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்கள் சம்பளத்துக்கு மாநில வருமான வரி போடுவதில்லை. கலிஃபோர்னியா போடுகிறது. சுவிட்சர்லாந்தில் மண்டலம் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊராட்சியைப் பொறுத்தும் வரி மாறும். வருமான வரி இல்லாத இடத்தில் அரசு வேறு வழியில் பணம் எடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். டெக்சஸில் வீட்டு வரி கனமானது. சொந்த வீடு வாங்காதவருக்கும் அது வாடகை வழியாக வந்து சேரும்.

புதிதாகக் கணக்குப் போடுகிறவர் இங்கே ஒரு தவறு செய்வார். மொத்தச் சம்பளம் 40 சதவீதம் கூடினால் கைக்கு வருவதும் 40 சதவீதம் கூடும் என்று நினைத்துவிடுவார். பெரும்பாலான நாடுகளில் வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறுகிறது. கூடுதலாக வரும் தொகைக்கு மேல்படி விகிதம்தான் விழும். மொத்தம் 130, கைக்கு 100 என்று இருந்தவருக்கு மொத்தம் 182 ஆகிறது. கூடுதலான 52-க்கு 35 சதவீதம் போனால் கைக்கு வருவது 134 தான். 40 சதவீத உயர்வு 34 ஆகிவிட்டது. அதனால் வலப்பக்கத்தில் எழுதும் எண்ணை, அந்த ஊர் வரி அட்டவணையை வைத்து முழுதாகக் கணக்கிட்ட பிறகே எழுதுங்கள். இனி வரும் உதாரணத்தில் அப்படிக் கணக்கிட்டு வந்த தொகை 140 என்று கொள்வோம்.

படி 2: உங்கள் செலவை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுதினால் சின்னச் செலவுகள் விட்டுப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீடு, கல்விக் கட்டணம், வண்டிப் பழுது ஆகியவற்றை 12 ஆல் வகுத்துச் சேருங்கள். பிறகு ஒவ்வொரு செலவையும் ஒரு குவியலில் போடுங்கள்.

முதல் குவியல், ஊரோடு ஒட்டிய செலவுகள்: வீடு, முடி வெட்டுவது, குழந்தைக் காப்பகம், வெளியே சாப்பிடுவது, வீட்டு வேலைக்கு உதவி, பழுது பார்ப்பது, போக்குவரத்து, அன்றாடக் காய்கறி. இரண்டாவது, எங்கே வாங்கினாலும் விலை அதிகம் மாறாதவை: கைபேசி, மடிக்கணினி, விமானப் பயணச்சீட்டு, மென்பொருள் சந்தா. மூன்றாவது, நீங்கள் எங்கே இருந்தாலும் அசையாதவை: பழைய கடன் தவணை, பெற்றோருக்கு அனுப்பும் பணம், ஏற்கெனவே எடுத்த காப்பீட்டுக்கான தவணை.

மூன்றும் மாறும் விதம் வெவ்வேறு என்பதால்தான் இந்தப் பிரிவினை. ஒரு கைபேசியைக் கப்பலில் ஏற்றி எந்த ஊருக்கும் அனுப்பலாம். ஆகவே ஊருக்கு ஊர் விலை பெரிதாக விலகாது. முடிவெட்டை அனுப்ப முடியாது, நிலத்தையும் அனுப்ப முடியாது. சம்பளம் அதிகமான ஊரில் முடிதிருத்துபவரும் அந்த ஊர் வாடகையைக் கொடுத்துத்தான் வாழ வேண்டும். கத்திரிக்கோல் அதே வேகத்தில்தான் வெட்டுகிறது என்றாலும் கூலி உயரும். இல்லையென்றால் அவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். பேலா பலாசா, பால் சாமுவெல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1964-ல் தனித்தனியாக இதை விளக்கினார்கள். பணக்கார ஊர்களில் சேவைகள் மட்டும் ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்கு இன்றும் சொல்லப்படும் முதல் விடை அதுதான். ஆகவே மற்றவர் உழைப்பை எவ்வளவு வாங்குகிறீர்களோ அந்த அளவுக்கு ஊர் மாற்றம் உங்களைக் கடிக்கும். தானே சமைத்து, தன் பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு ஒரு கடி; காப்பகத்துக்கு இரண்டு குழந்தைகளை அனுப்பும் வீட்டுக்கு வேறு கடி.

படி 3: வீடு

எந்த ஒப்பீட்டிலும் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இங்கேதான் வரும். மற்ற செலவுகளுக்குத் தோராயம் போதும். வீட்டுக்கு மட்டும் போதாது.

ஒரு விளம்பரத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘இரண்டு படுக்கையறை. மாத வாடகை 42. அலுவலகப் பகுதிக்கு 25 நிமிடம்.’ இப்போதைய ஊரில் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 25 கொடுக்கிறீர்கள். 25-க்கு எதிரே 42 என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். உரிமையாளரிடமோ முகவரிடமோ வரிசையாகக் கேளுங்கள். கட்டடப் பராமரிப்புக் கட்டணம் தனியா? தனி, 3. வண்டி நிறுத்த இடம்? அது 2. மின்சாரம், தண்ணீர், குளிர் அல்லது வெயில் காலத்தில் கூடுவதையும் சேர்த்து ஆண்டுச் சராசரி? சுமார் 3. ஆக, 42 என்பது 50. இடப்பக்கத்தின் 25-க்கு நேரே எழுத வேண்டியது இந்த 50.

நாட்டுக்கு நாடு இந்தக் கூடுதல் ஒளிந்திருக்கும் இடம் வேறுபடும். ஜெர்மனியில் விளம்பர வாடகை பெரும்பாலும் ‘குளிர் வாடகை’. வெப்பமூட்டலும் மற்ற கட்டணங்களும் சேர்ந்த ‘சூடான வாடகை’தான் நீங்கள் உண்மையில் கொடுப்பது. அங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை அலமாரியும் அடுப்பும்கூட இருக்காது. குடியேறுபவரே வாங்கிப் பொருத்த வேண்டும். ஜப்பானில் சில வீடுகளுக்கு உரிமையாளருக்குத் திரும்பி வராத ‘நன்றிப் பணம்’ தர வேண்டியிருக்கும். தென்கொரியாவில் மாத வாடகையே இல்லாமல் பெருந்தொகையை வைப்பாகக் கொடுத்துக் குடியிருக்கும் ‘ஜொன்செ’ முறை உண்டு. மாதச் செலவு குறைவாகத் தெரியும், ஆனால் உங்கள் சேமிப்பு முழுவதும் அங்கே முடங்கிக் கிடக்கும். முன்பணம் திரும்பி வருவதுதானே என்று விட்டுவிடாதீர்கள். அது செலவாகாவிட்டாலும் முதல் நாளே கையில் இருக்க வேண்டிய பணம். பலர் இடறுவது சம்பளம் போதாமல் அல்ல, முதல் சம்பளம் வரும் வரை தாக்குப்பிடிக்கக் காசில்லாமல்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு ஊரின் சராசரி வாடகை என்று வெளியாகும் எண்ணில், பத்தாண்டாக அங்கேயே குடியிருப்பவர்களின் பழைய வாடகையும் கலந்திருக்கலாம். நீங்கள் கொடுக்கப் போவது இன்று காலியாக இருக்கும் வீட்டின் வாடகை. வாடகைக் கட்டுப்பாடு உள்ள ஊர்களில் இந்த இடைவெளி மிகப் பெரிது. ஸ்டாக்ஹோமில் கட்டுப்பாட்டு வாடகை வீட்டுக்கு வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். புதிதாக வருபவர் அதுவரை உள்வாடகைச் சந்தையில் கூடுதல் விலை கொடுத்துத்தான் இருக்க வேண்டும். ஆகவே சராசரியை விட்டுவிட்டு, இந்த வாரம் விளம்பரத்தில் உள்ள 10 வீடுகளை எடுங்கள். விலை வரிசையில் அடுக்கி, நடுவில் நிற்கும் வீட்டைக் கணக்கில் வையுங்கள்.

‘25 நிமிடம்’ எந்த நேரத்து 25 என்றும் பார்க்க வேண்டும். வரைபடச் செயலியில் வேலைநாள் ஒன்றைத் தேர்ந்து, காலை 9 மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டுத் தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்த தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இப்போது அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்குப் புது ஊரில் ஒரு வழிக்கு 40 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மாதம் 22 வேலைநாள், போக வர 1,760 நிமிடம், அதாவது 29 மணி நேரம். கிட்டத்தட்ட நான்கு வேலைநாள் சாலையில் போகிறது. வேலை நேரம் இரண்டு ஊரிலும் மாதம் 176 மணி என்றால், 100-ஐ 176 ஆல் வகுங்கள், 140-ஐ 205 ஆல் வகுங்கள். 40 சதவீத உயர்வு மணிக்கணக்கில் 20 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. தள்ளி இருக்கும் மலிவான வீட்டைத் தேர்வதற்கு முன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

படி 4: மற்ற செலவுகளுக்கு விலை போடுங்கள்

மளிகைக்கு உங்கள் கடைசி ரசீதுகளிலிருந்து 20 பொருள்களை எடுத்து, புது ஊரில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடையின் இணையதளத்தில் அதே எடைக்கு விலை பாருங்கள். ஒரு மணி நேர வேலை. காப்பகம், பள்ளி, மருத்துவக் காப்பீடு மூன்றுக்கும் நேரடியாகத் தொலைபேசியில் கேளுங்கள். இவற்றின் விலை இணையத்தில் பெரும்பாலும் பழையதாக இருக்கும், இடம் காலியில்லை என்பது இணையத்தில் இருக்கவே இருக்காது.

பழைய ஊர்க் கூடையை அப்படியே புது ஊர் விலைக்குப் போட்டால் செலவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். ஏனென்றால் போன பிறகு நீங்கள் மாறுவீர்கள்: அங்கே விலை கூடியதைக் குறைத்து, மலிவானதைக் கூட்டிக்கொள்வீர்கள். புது ஊர்க்காரரின் கூடையை வைத்துக் கணக்கிட்டால் வித்தியாசம் குறைவாகத் தெரியும். புள்ளியியலில் இது பழைய விவகாரம். லாஸ்பேர், பாஷே என்ற இரு பொருளியலாளர்களில் 1871-ல் லாஸ்பேர் முதல் வழியையும் 1874-ல் பாஷே இரண்டாவது வழியையும் முன்வைத்தார்கள். விலைக் குறியீடுகள் இன்றும் அவர்கள் பெயரில்தான் வழங்குகின்றன. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். முதல் ஆண்டுக்கு முதல் வழிக் கணக்கையே நம்புங்கள், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

படி 5: கூட்டிப் பாருங்கள்

இடப்பக்கம், இப்போதைய ஊர்: கைக்கு வருவது 100. வீடு 25. உணவு, போக்குவரத்து, உள்ளூர் சேவைகள் 20. எங்கும் ஒரே விலைப் பொருள்கள் 10. கடனும் பெற்றோருக்கு அனுப்புவதும் 15. மொத்தச் செலவு 70, மிச்சம் 30.

வலப்பக்கம், புது ஊர்: கைக்கு வருவது 140. வீடு 50. உணவும் சேவைகளும் 28. பொருள்கள் 10. கடனும் பெற்றோருக்கு அனுப்புவதும் அதே 15. மொத்தச் செலவு 103, மிச்சம் 37.

இந்த வீட்டின் உள்ளூர்ச் செலவு 55-லிருந்து 88 ஆகிறது. சரியாக 60 சதவீதம் அதிகம். இணையக் கணிப்பான் சொன்னதும் அதுவே. அந்தக் கணிப்பான் அடுத்த அடியில் 100-ஐ 1.6 ஆல் பெருக்கி, ‘இங்கே வாழ உங்களுக்கு 160 வேண்டும்’ என்று சொல்லும். தவறு நடப்பது அந்தப் பெருக்கலில்தான். கடன் தவணை ஊர் மாறியதற்காக 60 சதவீதம் கூடாது. சேமிக்கும் 30-ம் தானாகக் கூட வேண்டியதில்லை. இதே 30 மிச்சம் பிடிக்க இவருக்குத் தேவை 103-உடன் 30, அதாவது 133. கிடைப்பது 140. வேலையை ஏற்றுக்கொள்ளலாம்.

அந்த 160 யாருக்குப் பொருந்தும்? வாங்கும் சம்பளம் முழுவதையும் உள்ளூரிலேயே செலவழித்துத் தீர்ப்பவருக்கு. சம்பளத்தில் உள்ளூர்ச் செலவின் பங்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குக் கணிப்பானின் எண் உங்களிடமிருந்து விலகும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். அந்த மிச்சத்தை எங்கே செலவழிக்கப் போகிறீர்கள்? சில ஆண்டுகளில் பழைய ஊருக்கே திரும்பி அங்கே வீடு வாங்குவதாக இருந்தால், புது ஊரில் சேர்த்த 37 பழைய ஊரிலும் 37 தான். மேலே போட்ட கணக்கு அப்படியே நிற்கும். ஆனால் புது ஊரிலேயே நிரந்தரமாகத் தங்கி, அங்கே வீடு வாங்குவது திட்டம் என்று வையுங்கள். வாடகை போலவே வீட்டு விலையும் அங்கே இரண்டு மடங்கு. பழைய ஊரில் 30 சேமித்தவர் வீட்டை நோக்கி எவ்வளவு நகர்ந்தாரோ அதே அளவு நகர, அங்கே 60 சேமிக்க வேண்டும். அப்போது தேவை 103-உடன் 60, மொத்தம் 163. கிடைப்பது 140 தான். அதே மனிதர், அதே ஆஃபர், அதே விலைகள். ஒரு திட்டத்துக்கு லாபம், இன்னொன்றுக்கு நஷ்டம். இதைத் தீர்மானிக்காமல் எந்தக் கணிப்பானும் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

படி 6: ஒரே தடவைச் செலவும் வீட்டில் மற்றவர் வருமானமும்

மாதம் 7 கூடுதல் மிச்சம் என்று கண்டோம். சாமான் ஏற்றுவது, பயணம், தரகு, திரைச்சீலை முதல் வாளி வரை புதிதாக வாங்குவது எல்லாம் சேர்ந்து 60 என்று கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இன்னொரு 60. ஓராண்டில் திரும்பினால் லாபம் 84, செலவு 120. கையை விட்டுப் போகிறது. இரண்டாண்டு இருந்தால் 168-க்கு 120, மிஞ்சுவது 48. ஐந்தாண்டு என்றால் 420-ல் 300 மிஞ்சும், அதாவது இன்றைய மூன்று மாதச் சம்பளம். சிறிய மாத லாபத்துக்குக் குறுகிய காலம் போவது வீண் என்பது இந்தக் கழித்தலில் வெட்டவெளிச்சமாகும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வாழ்க்கைத்துணையின் வேலை. இங்கே மாதம் 40 சம்பாதிப்பவர் அங்கே வேலை தேட 8 மாதம் ஆனால் 320 போயிற்று. ஐந்தாண்டு லாபம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். வெளிநாடு என்றால், துணைக்குக் கிடைக்கும் விசாவில் வேலை பார்க்க அனுமதி உண்டா என்பதை ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் கிடைத்த உதவிகளையும் எழுதுங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பாட்டி புது ஊருக்கு வர மாட்டார் என்றால், அது அங்கே காப்பகக் கட்டணமாக வலப்பக்கத்தில் ஏற வேண்டும்.

ஓய்வூதியத்தில் ஒரு வரி. சில நாடுகளில் குறைந்தபட்ச ஆண்டுகள் உழைத்தால்தான் உரிமை வரும். அமெரிக்காவில் முதுமை ஓய்வூதியத்துக்கு 40 ‘வரவுகள்’ வேண்டும், அதாவது வேலை பார்க்கப் பார்க்கக் கணக்கில் சேரும் புள்ளிகள். அதற்குக் குறைந்தது 10 ஆண்டு உழைப்பு. இரு நாடுகளுக்கிடையே சமூகக் காப்பு ஒப்பந்தம் இருந்தால் இரண்டு இடத்திலும் கட்டுவதைத் தவிர்க்கலாம். இல்லையென்றால் அந்தப் பிடித்தத்தைத் திரும்பி வராத வரியாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

படி 7: நாடு விட்டு நாடு என்றால்

வெளிநாட்டுச் சம்பளத்தை அன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கிப் பார்த்து மலைத்துப்போவது எல்லோருக்கும் நடப்பது. செலவும் அந்த நாட்டுப் பணத்தில்தான் நடக்கும் என்பது அந்தப் பெருக்கலில் இல்லை. இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது வாங்குதிறன் சமநிலை: ஒரே கூடைப் பொருளை இரு நாட்டிலும் வாங்க எவ்வளவு ஆகும் என்பதை வைத்து அமைக்கும் விகிதம். 1918-ல் குஸ்தாவ் காசெல் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் இந்தப் பெயரை வைத்தார். 1968-ல் தொடங்கிய சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் நாடுகளின் விலைகளை ஒப்பிட்டு இந்த விகிதங்களைக் கணக்கிடுகிறது. இப்போது உலக வங்கி அதை ஒருங்கிணைக்கிறது. ஆனால் அது முழு நாட்டுக்குமான எண். தலைநகரின் வாடகை அதில் தெரியாது. இன்னொரு குறையும் உண்டு: ஊருக்கு அனுப்பும் பணம் வாங்குதிறன் விகிதத்தில் மாறாது, சந்தை விகிதத்தில்தான் மாறும்.

எளிய வழி இதுதான். வலப்பக்கம் முழுவதையும் அந்த நாட்டுப் பணத்திலேயே கடைசி வரை போடுங்கள். மிச்சம் வந்த பிறகு, அந்த மிச்சத்தையும் மூன்றாவது குவியலையும் மட்டும் சந்தை விகிதத்தில் மாற்றுங்கள். வேலை வந்த நாளின் விகிதத்தை எடுக்காமல், கடந்த 12 மாதத்தில் உங்களுக்குப் பாதகமாக இருந்த விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் செலவையும் கழியுங்கள். 200 டாலர் அனுப்ப ஆகும் செலவை உலக வங்கி தொடர்ந்து கண்காணிக்கிறது. உலகச் சராசரி 6 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இதை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்குகளில் ஒன்று. ‘கட்டணம் இல்லை’ என்று சொல்லும் சேவை மாற்று விகிதத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எனவே கட்டணத்தைக் கேட்காதீர்கள். ‘இவ்வளவு கொடுத்தால் மறுமுனையில் எவ்வளவு வந்து சேரும்’ என்று கேளுங்கள்.

குறியீடுகளை எதற்குப் பயன்படுத்தலாம்

முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. எந்த ஊரைப் பார்ப்பது, எதை விடுவது என்று முதலில் வடிகட்ட அவை உதவும். ஒவ்வொன்றும் யாருக்காகக் கணக்கிடப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். மெர்சர் நிறுவனத்தின் வாழ்க்கைச் செலவுப் பட்டியல் வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஊழியர்களின் வாழ்க்கையை ஒட்டியது; நியூயார்க் அடிப்படை. நம்பியோ தளம் பயனர்களே தரும் விலைகளில் இயங்குகிறது. சிறிய ஊர்களில் பதிவுகள் குறைவாக இருந்தால் எண் ஆட்டம் காணும். அமெரிக்காவுக்குள் மட்டும் ஒப்பிட அந்நாட்டுப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் வெளியிடும் வட்டார விலை எண்கள் நம்பகமானவை. ஒரே பர்கரின் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு 1986 முதல் ‘எகானமிஸ்ட்’ இதழ் வெளியிடும் பர்கர் குறியீடு நாணயம் பற்றிப் பேச நல்லது, வாடகை பற்றி அது எதுவும் சொல்லாது. கூடை எதுவானாலும் அது சராசரிக் குடும்பத்துக்கானது. வருமானம் ஏறும்போது உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857-லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் காட்டிவிட்டார். ஒரே ஊரில் இரண்டு வீடுகளின் கூடைகூட ஒன்றாக இருக்காது.

பேரம் பேசும்போது

‘அந்த ஊரில் செலவு அதிகம், ஆகவே கூட்டிக் கொடுங்கள்’ என்ற வாதம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே எடுபடும். பெரும்பாலான நிறுவனங்கள் உங்கள் வாடகையைப் பார்த்துச் சம்பளம் வைப்பதில்லை. அந்த ஊரில் உங்களைப் போன்றவரை வேறு யார் என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்து வைக்கின்றன. இரண்டும் வேறு. அமெரிக்க மத்திய அரசு ஊழியருக்கான வட்டாரச் சம்பளம் இதற்கு நல்ல உதாரணம். 1990 சட்டத்தின்படி 1994-ல் நடைமுறைக்கு வந்த அது, வாழ்க்கைச் செலவை அளப்பதில்லை. அதே பகுதியில் மத்திய அரசுக்கு வெளியே அதே நிலை வேலைக்கு என்ன கிடைக்கிறது என்பதையே அளக்கிறது. ஐ.நா. ஊழியருக்கான பணியிடச் சரிக்கட்டுத் தொகை நேர்மாறானது. நியூயார்க்கோடு ஒப்பிட்டு வாங்கும் திறனைச் சமன்செய்வதுதான் அதன் நோக்கம். உங்கள் நிறுவனம் எந்த வகை என்று நேரடியாகக் கேளுங்கள். முதல் வகையானால், அந்த ஊரில் உங்கள் வேலைக்கு இன்று நடக்கும் சம்பள வரம்பைக் கொண்டுபோய்ப் பேசுங்கள். செலவுக் கணக்கை இடமாற்ற உதவி கேட்க வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மாதத் தங்குமிடம், சாமான் போக்குவரத்து, முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன். சம்பளத்தை உயர்த்தத் தயங்கும் நிறுவனமும் ஒரே தடவைச் செலவுக்குப் பெரும்பாலும் இணங்கும்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் செலவு குறைந்த ஊருக்குப் போனால் கணக்கு எதிர்த்திசையில் ஓடும். புது ஊரில் 140 வாங்கி 37 மிச்சம் பிடித்தவர் பழைய ஊருக்குத் திரும்ப நினைக்கிறார். நிறுவனம் சம்பளத்தைக் குறைப்போம் என்கிறது. அங்கே செலவு 70. அதே 37 நிற்க 107 போதும். கைக்கு வருவதில் ஏறத்தாழ 24 சதவீதம் வரை வெட்டைத் தாங்கலாம். 20 சதவீதம் வெட்டினால் 112 வந்து மிச்சம் 42 ஆகும், 30 வெட்டினால் 28 ஆகக் குறையும். மாத மிச்சத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஆண்டு 10 சதவீத உயர்வு 107-க்கு 10.7, 140-க்கு 14. ஓய்வூதியப் பங்கும் அந்தச் சிறிய எண்ணின் மேல்தான் கட்டப்படும், அடுத்த நிறுவனம் ‘கடைசியாக என்ன வாங்கினீர்கள்’ என்று கேட்பதும் அதைத்தான். மீண்டும் பெரிய ஊருக்கு மாறினால் பழைய சம்பளம் திரும்ப வருமா என்பதை இப்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.